அமைதி: இலக்கணத்திலும் ஊரிலும் வீட்டிலும்

அமைதி என்ற சொல்லுக்கு மொழியிலும் சமூகத்திலும் தனிவாழ்விலும் ஒரே பொருள்தானா, சண்டை இல்லாத ஊரையும் வீட்டையும் அமைதியானவை என்று சொல்லிவிடலாமா, ஒவ்வொருவரும் தம் மனத்தளவில் அமைதி பெற்றுவிட்டால் உலகம் தானாக அமைதி பெறும் என்பது உண்மையா என மூன்று கேள்விகள் சேர்த்துக் கேட்கப்பட்டிருக்கின்றன. பழந்தமிழ் நூல்களோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில், மூன்றுக்கும் ஒரே இழையில் கோத்து விடை சொல்லலாம் என்று கருதுகிறேன். இன்று நாம் அமைதி என்றதும் ஓசை அடங்கிய நிலையை நினைக்கிறோம். ஆனால் அச்சொல்லின் அடியில் இருப்பது பொருத்தம். ஒன்றோடு ஒன்று, ஒருவரோடு ஒருவர் பொருந்தி நிற்கும் நிலைக்கு அது பெயர். இந்தப் பொருளை மறந்துவிட்டு ஓசையின்மையை மட்டும் பிடித்துக்கொண்டதால்தான் இரண்டாம் கேள்வியும் மூன்றாம் கேள்வியும் எழுகின்றன.

‘அமை’ என்ற வினையை நாம் நாள்தோறும் எத்தனை இடங்களில் வழங்குகிறோம் என்று பாருங்கள். நல்ல வேலை அமைந்தது என்கிறோம், மனத்துக்கேற்ற துணை அமைந்தாள் என்கிறோம், வீட்டு மனை சாலையோரம் அமைந்திருக்கிறது என்கிறோம், குழு அமைக்கிறோம், மேடை அமைக்கிறோம். எங்கும் ஓசையைப் பற்றிய பேச்சே இல்லை. இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில், மற்றவற்றோடு முரணாமல் இருக்கிறது என்பதே இவை அனைத்திலும் ஓடும் பொருள். போதும் என்ற நிறைவையும் இதே வினை குறித்தது. உரையாசிரியர்கள் ‘அமையும்’ என்று எழுதினால் ‘இவ்வளவு போதும்’ என்று பொருள்.

இலக்கணத்தார் இந்தச் சொல்லை இன்னும் நுட்பமாக ஆண்டார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் முறை தவறாமல் பேசுவது வழாநிலை. தவறிப் பேசுவது வழு. இந்த இரண்டோடு நின்றிருந்தால் இலக்கணம் வெறும் தண்டனைச் சட்டமாக முடிந்திருக்கும். மூன்றாவதாக ஒன்றை வைத்தார்கள். அதற்கு வழுவமைதி என்று பெயர். முறைப்படி பார்த்தால் வழுதான், ஆனாலும் தக்க காரணம் ஒன்று இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது என்பது அதன் இலக்கணம். வீட்டுப் பசு மேய்ந்து திரும்பும்போது ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது திணை வழு. உவப்பினால் சொன்னார் என்பதால் அது திணை வழுவமைதி. மகளை ‘வாடா கண்ணா’ என்று அழைக்கும் தாயின் பேச்சு பால் வழுவமைதி. குடியரசுத் தலைவர் நாளை வருகிறார் என்பதில் எதிர்காலம் நிகழ்காலமாகிவிட்டது. வருவது உறுதி என்பதால் அது கால வழுவமைதி. பள்ளிப் பாடநூலில் எல்லோரும் படித்துக் கடந்துபோன பகுதி இது.

இந்த மூன்றாம் வகையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தவறியதைத் தவறியது என்று முதலில் பெயரிட்டுச் சொல்கிறார்கள். வழு என்ற சொல் வழுவமைதிக்குள்ளேயே நிற்கிறது. கண்டும் காணாமல் விட்டுவிடுவது அமைதி ஆகாது. அடுத்து, காரணம் கேட்கிறார்கள். உவப்பு, சிறப்பு, சினம், இழிப்பு, விரைவு, உறுதி என்று சொல்லத்தக்க காரணம் இருந்தால்தான் வழு அமையும். இல்லையேல் வழுவாகவே நிற்கும். அந்தக் காரணத்தைப் பேசுபவர் மட்டும் ஒப்பினால் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேட்போரும் உணர்ந்து ஒப்ப வேண்டும். குற்றத்தை மறைக்காமல், காரணத்தை ஆராய்ந்து, இரு தரப்பும் ஒப்பி ஏற்பது என்ற இந்த ஒழுங்கைச் சொற்களுக்கு வகுத்தவர்கள், அதற்கு அமைதி என்றே பெயரும் வைத்தார்கள்.

மனிதர்களுக்கும் இந்தச் சொல் இப்படியே பொருந்தியது. அமைந்தாங்கு ஒழுகாதவன், தன் அளவை அறியாதவன், தன்னையே வியப்பவன் விரைந்து கெடுவான் என்கிறது 474ஆம் குறள். ‘அமைந்து ஒழுகுதல்’ என்பதற்கு அயல் வேந்தரோடு பொருந்தி நடத்தல் என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். அரசியல் அறிஞர்கள் இன்று அயலுறவு என்று தனித்துறை வைத்துப் பேசும் பொருளை அந்த ஒரு வினையெச்சம் சுமக்கிறது. நாடு என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: எல்லா வளமும் நிறைந்திருந்தாலும் ‘வேந்தமைவு இல்லாத நாடு’ பயனற்றது. ஆள்பவனும் குடிகளும் ஒருவரோடொருவர் பொருந்தாத நாட்டில் நெல் விளைந்து என்ன, அரண் உயர்ந்து என்ன என்பது வள்ளுவர் கேள்வி.

சங்க காலத்தைப் போரின் காலமாகவே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். புறநானூற்றுப் பாடல்களில் பெரும்பாலானவை வீரத்தையும் கொடையையும் பேசுகின்றன என்பது உண்மைதான். ஆயினும் போரைத் தவிர்க்கச் சொல்லும் பாடல்களுக்கென்று துணைவஞ்சி என்று ஒரு தனித்துறை (பாடுபொருளின் உட்பிரிவு) அங்கே இருக்கிறது. பகைத்து நிற்பவரை இணக்குவதும், கொல்ல எழுந்தவனைத் தடுத்து நிறுத்துவதும் அத்துறையின் பொருள். இந்தத் துறை வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் பாருங்கள்: மண்ணைக் கொள்ளப் படையெடுத்துச் செல்வதைப் பாடும் வஞ்சித் திணைக்கு உள்ளே அது இருக்கிறது. சமாதானத்துக்கு ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஓர் ஆசிரமம் கட்டிக் கொடுக்கவில்லை. படை புறப்பட்டுவிட்ட பாதையிலேயே, வேல் பிடித்த கையை நோக்கியே, அந்தப் பாடல் பாடப்பட வேண்டியிருந்தது.

அத்துறையில் கோவூர்கிழார் பெயர் முன்னே நிற்கிறது. சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை. நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருக்கிறான். நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். போர் நடக்கவில்லை. வாள் ஓசை இல்லை. இன்றைய வழக்கில் ஒருவர் அங்கே போய்ப் பார்த்திருந்தால் ‘நிலைமை அமைதியாக உள்ளது’ என்று செய்தி அனுப்பியிருப்பார். கோவூர்கிழார் கண்டது வேறு (புறம் 44). யானைகள் குளத்தில் படியவில்லை, நெய் பிசைந்த சோற்றுக் கவளம் பெறவில்லை, கட்டுத்தறியில் முரண்டு, துதிக்கை நிலத்தில் புரளப் பெருமூச்சு விடுகின்றன. பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. பெண்கள் பூவில்லாத வெறுங்கூந்தலை முடிகிறார்கள். நீரின்றி வீடுகளில் அழுகை கேட்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் நீ இனிதாக இருப்பது கொடிது என்கிறார் புலவர்.

பிறகு அவர் வைக்கும் தேர்வு தமிழில் அமைதியைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகக் கூரிய கூற்றுகளில் ஒன்று என்பது என் மதிப்பீடு. அறம் உடையவனானால் ‘இது உன்னுடையது’ என்று சொல்லிக் கதவைத் திற. மறம் உடையவனானால் போரிட்டுக்கொண்டு திற. இரண்டும் இல்லாமல், திண்ணிய கதவை அடைத்துவிட்டு நெடிய மதிலின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது எண்ணிப் பார்த்தால் வெட்கத்துக்கு உரியது. சமாதானம் பேச வந்தவர் போரை ஒரு வழியாக ஏற்கிறார் என்பதல்ல இதன் சாரம். சண்டையும் போடாமல் உடன்பாட்டுக்கும் வராமல் வெறுமனே அடைத்துக்கொண்டிருக்கும் நிலையை அவர் அமைதிக் கணக்கில் சேர்க்க மறுக்கிறார். அந்நிலையின் செலவை வேந்தன் கட்டுவதில்லை. பாலில்லாத குழந்தையும் நீரில்லாத வீடும் கட்டுகின்றன. இதே சூழலை மதிலின் வெளிப்பக்கத்திலிருந்து பேசும் பாட்டும் ஒன்று உண்டு. கருவூரை முற்றுகையிட்ட கிள்ளிவளவனிடம் ஆலத்தூர்கிழார், காவல் மரங்கள் வெட்டப்படும் ஓசை கேட்டும் வெளியே வராமல் உள்ளே இருக்கும் ஒருவனோடு முரசு முழங்கப் போரிடுவது உனக்கு நாணம் தருவது என்கிறார் (புறம் 36). உள்ளே இருப்பவனுக்கு ஒரு நாணம், வெளியே இருப்பவனுக்கு ஒரு நாணம். இரண்டையும் சொல்ல ஆள் இருந்தது.

உறையூர் முற்றுகையின்போது அதே நலங்கிள்ளியையும் நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர்கிழார் பாடியது எல்லோரும் அறிந்த 45ஆம் பாட்டு. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். உன் கண்ணியும் (சூடும் மாலையும்) ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. ‘இருவீர் வேறல் இயற்கையும் அன்றே’, இருவரும் வெல்வது இயல்பும் அல்ல. உங்களைப் போன்ற பிற வேந்தருக்குத்தான் இந்தப் பகை மகிழ்ச்சி தரும். அன்பு செய்யுங்கள், மன்னியுங்கள் என்ற உபதேசம் இதில் ஓரிடத்திலும் இல்லை. கணக்கு மட்டுமே இருக்கிறது. சினத்தில் இருப்பவனிடம் உபதேசம் எடுபடாது, கணக்கு எடுபடலாம் என்பதை அந்தப் புலவர் அறிந்திருந்தார். ஆனால் இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவன் சேரனோ பாண்டியனோ ஆனால் என்ன செய்வது என்பதற்கு இந்தப் பாட்டில் விடை இல்லை. ஒரே குடி என்ற எல்லைக்குள் நின்று பேசிய சமாதானம் அது. நெடுங்கிள்ளியைப் பழைய குறிப்பு ‘காரியாற்றுத் துஞ்சிய’ (காரியாற்றில் இறந்த) என்ற அடைமொழியோடு சொல்வதால், அந்தப் பகை நல்ல முடிவுக்கு வந்ததாகவும் எண்ண இடமில்லை.

குடியின் எல்லையைத் தாண்டிய பேச்சுக்குக் கோவூர்கிழாரின் அடுத்த பாட்டையே பார்க்கலாம். கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இடச் செய்கிறான். அவனைப் பார்த்துக் கோவூர்கிழார் பேசுகிறார்: நீ ஒரு புறாவின் துயரைத் தீர்த்தவன் வழிவந்தவன். இவர்களோ புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் பொருளைப் பகுத்துண்டவர் குடியில் வந்தவர்கள். யானையைக் கண்ட வியப்பில் அழுகையையே மறந்துபோன இளஞ்சிறார். இந்த மன்றத்தையும் புதியவர்களையும் கண்டு மருண்டு நிற்கிறார்கள். கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்கிறார் (புறம் 46). சிறுவர்கள் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. பகைவனின் பிள்ளை என்ற ஒரே அடையாளத்தை விலக்கி, அந்தப் பிள்ளைகளுக்கு வேறு அடையாளங்களைக் காட்டியதுதான் புலவர் செய்த வேலை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரும் நேரே வேண்டிக்கொள்ளவில்லை. மயிற்பீலியும் மாலையும் சூட்டி நெய் பூசி வைத்திருந்த படைக்கலங்களைத் தொண்டைமான் காட்டியபோது, உன் வேல்கள் இங்கே அழகாக இருக்கின்றன, எங்கள் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று மட்டும் சொன்னார் (புறம் 95). பள்ளிக்கூடத்தில் இதை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கற்பித்து முடித்துவிடுகிறார்கள். தூதுக்கு எடுத்துக்காட்டாகவும் கற்பிக்கலாம்.

ஆவூர்க் கதவின் கதை பழைய கதை இல்லை. மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் 1989இல் சாதி மோதல் நடந்தது. அதன் பின் தலித் மக்கள் வாழும் பகுதியை ஊரின் மற்ற பகுதியிலிருந்து பிரித்து சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர் எழுந்தது. மோதல் மீண்டும் வராமலிருக்க ஊரார் ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டியது என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. ஏறத்தாழ 19 ஆண்டுகள் அந்தச் சுவர் நின்றது. தலித் மக்களும் இடதுசாரி அமைப்பினரும் போராடிய பிறகு, 2008 மே 6 அன்று அரசு நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. எதிர்ப்புத் தெரிவித்து மற்றத் தரப்பினர் ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கினார்கள். 2011இல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுத்துவழி உடன்பாடு கண்டார்கள். தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். அதற்குப் பிறகும் கோயிலை முன்னிட்டுப் பிணக்குகள் எழாமல் இல்லை.

இங்கே எந்த ஆண்டுகளை அமைதியின் ஆண்டுகள் என்று கணக்கிடுவது? சுவர் நின்ற ஆண்டுகளில் ஓசை குறைவு. சுவர் இடிந்த 2008இல் ஓசை மிகுதி. அவ்வாண்டின் பிற்பகுதியில் வன்முறையும் நடந்தது. ஓசையை அளவுகோலாகக் கொண்டால் சுவரே சமாதானத் தூதுவன், அதை இடித்தவர்கள் அமைதியைக் குலைத்தவர்கள் என்று ஆகிவிடும். அப்படிச் சொன்னவர்களும் அப்போது இருந்தார்கள். பொருத்தத்தை அளவுகோலாகக் கொண்டால், 1989 தொடங்கி 2008 வரையிலான காலம் அடைத்த கதவின் பின்னால் கழிந்த காலம். குறைகள் இருந்தாலும் 2011 உடன்பாடுதான் அமைதியின் பக்கம் வைத்த முதல் அடி. அங்கே வழுவுக்கு வழு என்றே பெயர் சொல்லப்பட்டது. இரு தரப்பும் ஒப்ப வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டின் வட்டாட்சியர், கோட்டாட்சியர் அலுவலகங்களில் அமைதிப் பேச்சுவார்த்தை என்றும் சமாதானக் கூட்டம் என்றும் நடப்பவற்றையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, முதல் மரியாதை யாருக்கு, பிணம் எந்தப் பாதையில் போவது என்ற தகராறுகள் அங்கே வருகின்றன. மனமிருந்து நடத்தும் அதிகாரி இரு தரப்பையும் பேசவிட்டு உண்மையான உடன்பாட்டுக்குக் கொண்டுவருவதும் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டித் திருவிழாவையே நிறுத்தி, கோயிலைப் பூட்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதும் அமைதி நடவடிக்கை என்ற பெயரில்தான் நடக்கிறது. பூட்டிய கோயிலின் முன் ஓசை இருக்காது. உரிமை கேட்டவருக்கும் மறுத்தவருக்கும் ஒரே தண்டனை கொடுத்ததைத் தவிர அதில் வேறு நியாயம் எதுவும் நடந்திருக்காது. மேடைகளில் தமிழகத்தை ‘அமைதிப் பூங்கா’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டுகள் நினைவுக்கு வருவதுண்டு.

ஈழத்தமிழர் வாழ்வில் இந்தச் சொற்கள் பட்ட பாடு வேறு வகையானது. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த இந்தியப் படைக்கு அமைதி காக்கும் படை என்று பெயர். அதே ஆண்டு அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பிச் சென்றது. இடைப்பட்ட காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்கள் பலருக்கு ‘அமைதிப்படை’ என்பது காக்கும் சொல்லாக ஒலிப்பதில்லை. 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் வந்த சில ஆண்டுகளை அங்கே சமாதான காலம் என்று குறிப்பிடுகிறார்கள். ‘காலம்’ என்று சேர்த்துச் சொல்வதிலேயே அது முடிந்துபோன ஒன்று என்பது தெரிந்துவிடுகிறது. சமாதானமும் ஒரு பருவம்போல வந்து போயிற்று என்று அனுபவப்பட்டவர்களிடம் அகராதிப் பொருளை எடுத்துக்காட்டிப் பேசுவது கடினம்.

போர் தொடங்கியபின் அதை நிறுத்துவதைப் பற்றியே இதுவரை பேசினேன். பகை முளைப்பதற்கு முன்பே நடக்க வேண்டியதைப் பேசிய ஒருவர் உண்டு: பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆந்தையார். அவர் பாண்டியன் அறிவுடைநம்பியிடம் வரியைப் பற்றிப் பேசினார் (புறம் 184). விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மா (பழைய நில அளவு) அளவுக்கும் குறைந்த நிலத்தின் நெல்லே யானைக்குப் பல நாளைக்குக் காணும். நூறு வயலே ஆனாலும் யானை தானே புகுந்து தின்றால், அதன் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே அதிகம். அரசன் நெறியறிந்து வரி கொண்டால் நாடு செழித்துக் கோடி பொருள் ஈட்டித் தரும். தரம் அறியாத சுற்றத்தோடு சேர்ந்து அன்பு கெடப் பிடுங்கினால் அவனும் உண்ண முடியாது, நாடும் கெடும். வேந்தமைவு என்று குறள் சொன்னது களஞ்சியத்தின் அளவில் எப்படி இருக்கும் என்பதை இந்தப் பாட்டில் காணலாம்.

இதே பிசிராந்தையாரின் இன்னொரு பாட்டுத்தான் தனிவாழ்வின் அமைதியைப் பற்றித் தமிழில் கிடைக்கும் தலைசிறந்த சான்று. ஆண்டுகள் பலவாகியும் உங்களுக்கு நரை இல்லையே என்று சான்றோர் கேட்டார்கள். அவர் சொன்ன காரணங்கள் (புறம் 191): மாட்சிமை மிக்க மனைவி; அறிவு நிரம்பிய மக்கள்; தாம் எண்ணுவதையே எண்ணும் ஏவலர்; முறையல்லாததைச் செய்யாமல் காக்கும் வேந்தன்; இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘ஆன்று அவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்’ பலர் வாழும் ஊர். மூச்சைப் பற்றியோ தனித்திருத்தலைப் பற்றியோ ஆசையை ஒழித்ததைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஐந்து காரணங்களும் பிறர். வீட்டில் தொடங்கி, வேலையாட்கள் வழியாக அரசனைத் தொட்டு, ஊரில் வந்து நிற்கிறது அந்த வரிசை. ஊர்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று ‘அதன்தலை’ என்ற சொல்லால் அழுத்தியும் சொல்கிறார். முறைகேடு செய்யாத வேந்தன் என்று அவர் சொல்லும்போது, முன்பு வரியைப் பற்றி அறிவுரை சொன்னவரும் இவரே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தமக்கு வாய்த்த வேந்தமைவில் அவர் பங்கும் இருந்திருக்கிறது.

இந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். அந்த மாட்சிமை மிக்க மனைவியின் கூந்தல் நரைத்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டின் அமைதியை ஆண்கள் பாடியிருக்கிறார்கள். அதை ஆக்கிக் கொடுத்தவரின் குரல் இங்கே பதிவாகவில்லை. ‘அமைதியான பெண்’ என்று இன்றும் மணமகள் தேவை விளம்பரங்களில் கேட்கும்போது பேசாத பெண்ணைத்தான் கேட்கிறார்கள். உட்பகை உள்ள குடி, செப்பும் மூடியும்போல வெளிப்பார்வைக்குச் சேர்ந்திருந்தாலும் உள்ளத்தால் சேராது என்கிறது 887ஆம் குறள். உடன்பாடு இல்லாதவரோடு வாழ்வது ஒரு குடிசைக்குள் பாம்போடு வாழ்வது என்கிறது 890. இரண்டு குறளிலும் சண்டை நடப்பதாகச் சொல்லப்படவில்லை என்பதைப் பாருங்கள். சண்டையில்லாத வீடு அமைதியான வீடுதானா என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது: ஒருவர் வாயடைத்துப்போனதால் சண்டை நின்றிருந்தால் அந்த வீடு ஆவூர்க் கோட்டைதான்.

புறநானூற்றில் 191ஐத் தொடர்ந்து வரும் மூன்று பாடல்களையும் சேர்த்துப் படிக்குமாறு கேட்டுக்கொள்வேன். முதல் மூன்றும் வாழ்வின் உண்மையைச் சொல்லும் பொருண்மொழிக்காஞ்சித் துறையையும், நான்காவது நிலையாமையைச் சொல்லும் பெருங்காஞ்சித் துறையையும் சேர்ந்தவை. 192இல் கணியன் பூங்குன்றனார் தீதும் நன்றும் பிறர் தர வருவதில்லை என்கிறார்; ‘நோதலும் தணிதலும் அவற்றோர் அன்ன’ என்றும் சேர்க்கிறார். நோவும் நோவு தணிதலும்கூடப் பிறரால் வருவன அல்ல என்றால், பிசிராந்தையாரின் ஐந்து காரணங்களும் அடிபட்டுப் போகின்றன. 193இல் ஓரேருழவர், விரிந்த வெண்களர் நிலத்தில் வேட்டைக்காரனால் துரத்தப்படும் மானைப்போல ஓடித் தப்பிவிடலாம்தான், ஆனால் ‘ஒக்கல் வாழ்க்கை தட்குமா காலே’ என்று பெருமூச்சு விடுகிறார். சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை காலைக் கட்டிப்போடுகிறது. ஆந்தையாருக்கு நரையைத் தடுத்த அதே குடும்பம் இவருக்குத் தளை. 194இல் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மண முழவும் ஒலிக்கும் இந்த உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று ஏசிவிட்டு, உலகம் இன்னாதது, அதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காண்க என்று முடிக்கிறார்.

தொகுத்தவர் இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்தது திட்டமிட்டா தற்செயலா என்பது எப்படியிருந்தாலும், ஒன்றை ஒன்று மறுக்கும் நான்கு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பதாக இருக்கிறது. இவற்றில் பூங்குன்றனாரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் ‘தீதும் நன்றும்’ என்ற இரண்டாம் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு, மனத்தளவில் தெளிந்துவிட்டால் போதும் என்று சொல்வது இன்று எளிதாகிவிட்டது. மன அமைதிக்குப் பயிற்சி தரும் நிலையங்களும் செயலிகளும் பெரும்பாலும் அந்த ஓர் இழையைத்தான் விற்கின்றன. பயிற்சியால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. உறக்கம் வராதவருக்கு உறக்கம் வருவது நல்லதே. ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போதும், முறையற்ற மேலதிகாரியின் கீழ் வேலை செய்யும்போதும், தெருவில் இறங்கினால் சாதி கேட்கும் ஊரில் வாழும்போதும், உன் அமைதி உன் கையில் என்று சொல்வது ஆவூரில் பாலுக்கு அழுத குழந்தையிடம் பொறுமையைக் கற்பிப்பதாகும். ஓரேருழவர் அந்த ஆறுதலை ஏற்கமாட்டார். பூங்குன்றனார்கூட அப்படிச் சொல்லவில்லை. அவர் பாட்டு, பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்று மற்ற மனிதர்களை நோக்கித் திரும்பித்தான் முடிகிறது. அகத்தில் தெளிவு வந்ததன் பயன், புறத்தில் ஒருவரை இகழாமல் இருப்பது.

மூன்றாம் கேள்விக்கான என் விடை இதிலிருந்தே வருகிறது. தனிமனிதர் ஒவ்வொருவராக அமைதி பெற்று அதன் கூட்டுத்தொகையாக உலக அமைதி வருவதில்லை. வரிசை பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. முறைகேடு செய்யாத அரசும் அடங்கிய சான்றோர் உள்ள ஊரும் இருக்கும் இடத்தில் தனிமனிதருக்கு மன அமைதி எளிதாகிறது. இரண்டுக்கும் நடுவே போய்வரும் வேலையை யாராவது செய்ய வேண்டியிருக்கிறது. பிரிந்தாரைப் பொருத்தவும் வல்லதே அமைச்சு என்ற குறள் அந்த வேலையை ஓர் அரசியல் திறமையாகவே வைக்கிறது. கோவூர்கிழாரும் ஆலத்தூர்கிழாரும் ஔவையாரும் அதைச் செய்தார்கள். அதைச் செய்தவர்கள் அமைதியான வாழ்வு வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. முற்றுகையிட்ட பாசறைக்கும் அடைத்த கோட்டைக்கும் இடையே நடப்பது ஆபத்தான தொழில். இளந்தத்தன் என்ற புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் போனதற்காகவே ஒற்றன் என்று பிடிபட்டுக் கொல்லப்பட இருந்தார்; அவரையும் கோவூர்கிழார்தான் பாடி மீட்டார் (புறம் 47).

பிசிராந்தையாரின் நண்பன் கோப்பெருஞ்சோழனுக்கு அந்த ஐந்தில் ஒன்று வாய்க்கவில்லை. அவன் பெற்ற மக்கள் இருவரும் அவன்மீதே படை கொண்டு எழுந்தார்கள். அவனும் எதிர்த்துப் புறப்பட்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார் (புறம் 213): நீ இறந்தபின் இந்த நாடு அவர்களுக்கே உரியது, அவர்கள் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய், நீ தோற்றால் பகைவர் மகிழப் பழியைத்தானே விட்டுச் செல்வாய். கோவூர்கிழார் போட்ட அதே கணக்குத்தான். சோழன் போரைக் கைவிட்டான்; ஆனால் மக்களோடு பொருந்தி வாழும் வாழ்க்கை அவனுக்குத் திரும்பவில்லை. வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாநோன்பிருந்து, உயிர் நீத்தான். போர் நிற்பதும் அமைதி வருவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று என் நினைவில் இல்லை. அதுவரை நேரில் கண்டிராத அந்த நண்பனுக்காக, நரை எட்டாத வீட்டையும் சான்றோர் நிறைந்த ஊரையும் விட்டுவிட்டுப் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து உறையூருக்கு நடந்தார். அவரும் அங்கே வடக்கிருந்தார். நரை இல்லாத காரணத்தை அவர் சொன்னது இந்தப் பயணத்தின்போதுதான் என்பது மரபு. தம் அமைதிக்கு ஐந்து காரணங்களை எண்ணிச் சொல்ல முடிந்தவர், அந்த அமைதியைக் காத்துக்கொள்வதே வாழ்வின் குறிக்கோள் என்று கருதவில்லை.